ஏழாம் குழியில் விழுந்த பந்து

லிபி குடிக்கிறாள் என்ற பேச்சு ஷைலஜாவின் காதுக்கு வந்து சேர்ந்தபோது பல நாக்குகளைக் கடந்து நன்றாகக் கொழுத்திருந்தது.

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து ஜனங்கள் கூடத்தின் பின்பக்கம் தேநீருக்கு நின்ற நேரம். பிஜி வந்து ஷைலஜாவின் முழங்கையைப் பிடித்து, ஏ.சி. இரைச்சலுக்கு அடியில், மற்றவர்களுக்குக் கேட்காத இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பிஜியின் நாத்தனார் கேரளத்து மலையோர ஊரான வித்துராவில் இருக்கிறாள். நாத்தனாரின் புருஷன் லிஜோ அங்கே ஒரு காண்டிராக்டருக்குக் கார் ஓட்டுகிறான். ஷைலஜாவின் ஊரில் நடப்பதெல்லாம் இந்த வழியாகத்தான் கடல் தாண்டி வரும்.

"அக்கா, நான் சொன்னதா ஆருட்டயும் சொல்லாதிய. மனசு கேக்கல்ல, அதாக்கும் சொல்லுகேன்."

"என்னடி?"

"உங்க லிபிக்க காரியம். கிளப்புல வச்சுக் குடிச்சாளாம். ஒத்தைக்கு இல்ல கேட்டியளா. நாப்பது பேருக்கு அவளே பிராந்தி வாங்கி ஊத்திக் குடுத்தாளாம். கடைசியில தூக்கித்தான் வண்டியில ஏத்துனாவளாம்."

"ஆரு கண்டா?"

"ஊரு முழுக்கப் பேச்சுல்லா. நான் ஜெபத்துல வச்சிருக்கேன் அக்கா."

ஜெபத்தில் வைத்திருக்கிறாளாம். தங்கை லிபி ஊட்டியில் கோல்ஃப் கோப்பை வாங்கியபோது இதே பிஜியிடம் ஷைலஜா போட்டோவைக் காட்டினாள். "இது என்ன, ஹாக்கி மட்டையா?" என்று கேட்டுவிட்டுக் கேக் வெட்டப் போனவள் இவள். அன்றைக்கு ஸ்தோத்திரம் சொல்ல நேரமில்லை. இன்றைக்கு ஜெபத்துக்கு நேரம் கிடைத்துவிட்டது. தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஷைலஜா கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தாள். தூர தேசத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு வியாதி. ஊரிலிருந்து ஒரு செய்தி வந்தால் அது பொய்யாக இருக்க வேண்டுமே என்ற பதைப்பும், உண்மையாக இருந்துவிட்டால் நாம் அங்கே இல்லையே என்ற பதைப்பும் சேர்ந்தே வரும். அவள் லிபிக்குப் போன் போட்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு லிபி சிரித்தாள்.

"பாதி சரியாக்கும் அக்கா."

"எது பாதி?"

"நாப்பது பேரு. அது சரி."

லிபி யார் என்று சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. சொன்னாலும் நம் ஆட்களில் பாதிப்பேருக்கு விளங்காது என்பது ஷைலஜாவின் பழைய மனத்தாங்கல்.

வித்துராவிலிருந்து பொன்முடிக்குப் போகும் பாதையில் இடப்பக்கம் பிரிந்து ஏறினால் சேரப்பாறை எஸ்டேட் வரும். தேயிலைக்கு நடுவே அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் ஒன்பது குழி வெட்டி ஒரு கோல்ஃப் மைதானம் போட்டுவைத்தார்கள். துரைமார் போனார்கள், தேயிலையும் பாதி போயிற்று, மைதானம் மட்டும் போகவில்லை. திருவனந்தபுரத்து டாக்டர்களும் காண்டிராக்டர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் சனி ஞாயிறுகளில் கார் ஏறி வந்து அதைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அங்கே புல் வெட்டும் டிராக்டர் ஓட்டியவர் ராஜமணி. அவருக்கும் எலிசாளுக்கும் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டில் பிறந்த இரண்டு பெண்கள்தான் ஷைலஜாவும் லிபியும்.

திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. அன்று மட்டும் வேலைக்காரர்களின் பிள்ளைகள் மைதானத்தில் ஆடலாம் என்று எந்தக் காலத்திலோ ஒரு மானேஜர் வைத்துவிட்டுப் போன வழக்கம். ஷைலஜா ஓரிரு திங்கள் ஆடிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தோடு ஒதுங்கிவிட்டாள். லிபி பள்ளிக்கூடத்தையே ஒதுக்கினாள். நுனி ஒடிந்த பழைய கம்பு ஒன்று, கீறல் விழுந்த பந்து ஒன்று. அந்த ஒன்று தொலைந்தால் அடுத்த திங்கள் வரை ஆட்டமில்லை. இரண்டு பக்கமும் இடுப்புயரத் தேயிலை. உள்ளே போன பந்தைத் தேடப் போனால் கணுக்கால் நிறைய அட்டை.

அவளுடைய ஆட்டம் முழுவதும் அங்கிருந்து வந்ததுதான். மற்றவர்கள் கம்பைத் தலைக்குப் பின்னால் வரை சுழற்றிக்கொண்டுபோய் வீசுவார்கள். லிபியின் கம்பு தோளைத் தாண்டாது. முக்கால் வீச்சு. பந்து வானத்துக்குப் போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே பறந்து, விழுந்து, புல்லோடு புல்லாக ஓடி, அவள் நினைத்த இடத்தில் போய் நிற்கும். எங்கே விழுந்தால் தேட வேண்டாமோ அங்கே அடிப்பாள். கொடியைப் பார்த்து அடிக்கவே மாட்டாள். கொடி நிற்கிற பச்சைத் தரையின் நடுவைப் பார்த்துத்தான் அடிப்பாள். பச்சையில் ஏறிய பிறகு குழியை ஒரு தரம் பார்ப்பாள், பந்தை ஒரு தரம் பார்ப்பாள், தட்டிவிடுவாள். ஒத்திகை வீச்சு கிடையாது. மற்றவர்கள் குந்தி உட்கார்ந்து கோணம் பார்த்து எழுந்திருப்பதற்குள் இவள் முடித்துவிட்டு ஓரமாக நிற்பாள்.

பத்தொன்பது வயதில் தொழில்முறை ஆட்டக்காரியானாள். அதற்குப் பிறகு எத்தனை ரயில், எத்தனை ஊர். காற்றில்லாத ஊர்களில் அவளைவிட நெடுந்தூரம் அடிக்கிற பணக்கார வீட்டுப் பெண்கள் முன்னே போய்விடுவார்கள். காற்றும் மழையும் வந்தால் ஆட்டம் மாறும். மேலே போன பந்துகளையெல்லாம் காற்று அள்ளிக்கொண்டு போகும். இவளுடைய பந்து காற்றுக்குக் குனிந்து ஓடும். ஊட்டியில் ஜெயித்தது அப்படி ஒரு வாரத்தில்தான். மற்றவர்கள் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது இவள் நனைந்துகொண்டே நடந்து முடித்தாள். அந்த ஒரு கோப்பைதான். இரண்டாம் இடங்கள் எத்தனையோ. வெளிநாட்டுப் போட்டிகளுக்குத் தேர்வாகும் ஆட்டத்தில் ஒரே ஓர் அடியில் தவறினாள். பிறகு இடது மணிக்கட்டு பழுதானது, ஒரு வருஷம் சும்மா இருந்தாள், திரும்பவும் போனாள்.

ஊட்டி வெற்றிக்கு மறுநாள் ஒரு மலையாளப் பத்திரிகை, உள்பக்கத்தில், ஒரு பல்பொடி விளம்பரத்துக்குக் கீழே, 'வித்துரா இளைஞர் லிபின் சாதனை' என்று போட்டது. இளைஞர்! ஷைலஜா மஸ்கட்டிலிருந்து பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினாள். திருத்தம் போடுகிறோம் என்றார்கள். போடவில்லை. தொலைக்காட்சியில் ஒருவர் "சாகசம் இல்லாத ஆட்டம்" என்று வர்ணனை சொன்னார். சாகசம் இல்லையாம்! எஸ்டேட் லயத்திலிருந்து கிளம்பி, கோல்ஃப் என்றால் கிரிக்கெட்டா என்று கேட்கிற ஜனங்களுக்கு நடுவிலிருந்து, ஒடிந்த கம்போடு அங்கே போய் நிற்கிறாளே, அதற்குப் பெயர் என்னவோ? சபையில் ஒவ்வொரு வருஷமும் ஜெபக் குறிப்பில் அவள் பெயர் வரும். ஜெயிக்க வேண்டும் என்றல்ல. நல்ல இடத்தில் கல்யாணம் முடிய வேண்டும் என்று.

முப்பத்தாறு வயதில் லிபி ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். சேரப்பாறை கிளப்பில் பயிற்சியாளர் வேலை காலியாக இருந்தது. நகரத்து மெம்பர்களின் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். கிளப்பின் கௌரவச் செயலாளர் ஆனந்தகிருஷ்ணன், கரமனை அக்ரகாரத்துக்காரர், அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். பழைய மெம்பர், சின்ன வயதிலிருந்தே லிபியைப் பார்த்திருக்கிறார். "ஃபார்மாலிட்டிதான், கமிட்டிக்காராளோட ஒரு ரவுண்டு ஆடிக் காட்டிடு, போறும்" என்றார். அவர், ஒரு டாக்டர், லிஜோவின் முதலாளியான காண்டிராக்டர், லிபி. நான்கு பேர் ஆடினார்கள்.

ஏழாம் குழி ஓடைக்கு அந்தப்பக்கம் சரிவில் இருக்கிறது. ஓடையைத் தாண்டி ஒரே அடியில் பச்சையில் இறக்க வேண்டும். லிபி வழக்கம்போல் நடுவைப் பார்த்து அடித்தாள். பந்து தாழ்வாகப் போய் ஓடையைத் தாண்டி, பச்சையின் வலது ஓரத்தில் விழுந்து, ஓடியது. ஓடி, சரிவு பிடித்து, இடப்பக்கம் வளைந்து, கொடிக்கம்பின் அடியில் காணாமல் போயிற்று.

காண்டிராக்டர்தான் முதலில் கூவினார். ஆனந்தகிருஷ்ணன் தன் வயதை மறந்து ஓடைப்பாலத்தில் ஓடி, குனிந்து, குழிக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். ஒரே அடியில் குழி! அமெச்சூர்கள் ஆயுசு முழுக்க ஆடியும் பார்க்காதது. பதினேழு வருஷம் அதையே தொழிலாக வைத்திருந்த லிபியும் அதுவரை ஒரு தடவைகூட அடித்ததில்லை. கொடியைக் குறிவைக்காதவளுக்கு எப்படி விழும்? விழுந்துவிட்டது.

கோல்ஃப் ஆடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, உலகம் முழுக்க உண்டு. ஒரே அடியில் குழியில் போட்டவர் அன்றைக்குக் கிளப்பில் இருக்கிற எல்லாருக்கும் குடிக்க வாங்கிக் கொடுக்க வேண்டும். பணம் வாங்குவது அல்ல, கொடுப்பதுதான் பரிசு. விசித்திரமான ஜனங்கள். அன்று சனிக்கிழமை. செய்தி பரவியதும் ஒன்பது குழியிலிருந்தும் மெம்பர்கள் பாருக்கு ஓடிவந்தார்கள். பாதி ஆட்டத்தில் விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. 'லிபி வாங்கித் தருகிறாள்' என்று யாரோ மணியை அடித்தார்கள்.

அந்தப் பார் கதவில் ஒரு பலகை உண்டு. மெம்பர்கள் மட்டும். லிபி மெம்பர் இல்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு வராந்தா வரைதான். அவள் வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் எலுமிச்சைச் சாறோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் பேரில் நாற்பது பேர் குடித்தார்கள். இடையிடையே யாராவது கண்ணாடிக் கதவைத் திறந்து, டம்ளரை உயர்த்தி, "சியர்ஸ் லிபி!" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கடைசியில் பில் மட்டும் தட்டில் வைத்து வெளியே வந்தது. கொடுத்தாள்.

வெளியே கார்களுக்கு நடுவே நின்ற லிஜோ, பாரில் பரிமாறும் பேரரிடம் "ஆருக்க பார்ட்டி?" என்று கேட்டான். "லிபி மேடத்துக்க" என்றான் பேரர். அவ்வளவுதான். தூக்கி வண்டியில் ஏற்றப்பட்டது உண்மைதான். ஆனால் ஏற்றப்பட்டது லிஜோவின் முதலாளி. ஏற்றியது லிஜோ. அவன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது முதலாளியை விட்டுவிட்டான், மரியாதைக்காரன். தூக்கி ஏற்றியது மட்டும் கதையில் தங்கிவிட்டது. ஏற்றப்பட ஓர் ஆள் வேண்டுமே.

இவ்வளவையும் போனில் கேட்ட ஷைலஜா பொரிந்தாள். "எடி, நீ ஏன் மாட்டேன்னு சொல்லல்ல? நம்ம சபையில குடிக்கிறவனுக்கு வெத்திலகூட குடுக்கமாட்டாவ. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்னே?"

"அடிச்சது நானாக்கும் அக்கா. நான் மெம்பர் இல்ல, எனக்கு அந்தச் சட்டம் இல்லன்னு சொன்னா, அவிய சந்தோசமாட்டு ஒத்துக்கிடுவாவ. பெறவு நான் யாரு? புல்லுவெட்டுக ராஜமணிக்க மக. அன்னைக்கு ஒரு நாளெங்கிலும் நான் அவியள மாதிரி ஒரு கோல்ஃப்காரி."

ஷைலஜா ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மேலதிகாரியிடம் கெஞ்சி அவசர விடுப்பு வாங்கி, அடுத்த வாரமே திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினாள். வித்துராவில், எஸ்டேட் வேலை முடிந்தபின் அப்பா கட்டிய சின்ன வீட்டில், யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

"வந்தியா மக்ளே" என்றாள் எலிசாள். பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே தொடங்கிவிட்டாள். "உங்கப்பா ஆலயத்துல வேதபாடம் வாசிக்கப் போகமாட்டேன்னு சொல்லியாச்சு. முன்பெஞ்சிலயும் இருக்கல்ல. கடைசி பெஞ்சில, செருப்பு கெடக்க எடத்துக்கிட்ட போயிருந்தாவ. எனக்கு நெஞ்சு பொட்டிப்போச்சு."

"அவ குடிக்கல்லம்மா."

"நானும் சொன்னேன். 'குடிச்சவளும் வாங்கிக் குடுத்தவளும் ஒண்ணு'ன்னு உங்கப்பா பறஞ்சாவ. அன்னைக்கு வாய மூடுனவியதான். அவகிட்ட 'சோறு தின்னியா'ன்னுகூடக் கேக்கல்ல."

"காண்டிராக்டர் குடிச்சுட்டு விழுந்தானே, அவனப் பத்தி ஆரும் பேசல்லியா?"

"அவரு ஆலயத்துக்கு மின்விசிறி வாங்கிக் குடுத்தவருல்லா பிள்ளே."

ராஜமணி அடுத்த அறையில் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மூத்த மகளைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவ்வளவே.

சனிக்கிழமை காலை அக்காளும் தங்கையும் சேரப்பாறைக்குப் போனார்கள். கமிட்டி அன்று மாலை கூடுகிறது. அதற்கு முன் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று ஆனந்தகிருஷ்ணன் கூப்பிட்டிருந்தார். தன் சின்ன ஆபீஸ் அறையில் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்கோ, வாங்கோ. இது ஷைலஜான்னா? எத்தனை வருஷமாச்சு! மஸ்கட்ல எல்லாம் சௌக்கியமோ?"

"சௌக்கியம் சார். தங்கச்சிக்க வேல காரியம் என்னாச்சு?"

"அதாக்கும் விஷயம்." அவர் மேஜைமேலிருந்த கண்ணாடிக் குண்டை உருட்டினார். "எனக்கு இவளைப் பத்தி ஒரு சந்தேகமும் கெடையாது. ஆனா பாருங்கோ, பேரண்ட்ஸ் சில பேர் கேக்கறா. 'குடிக்கற டீச்சராமே, எங்க பொண்ணை எப்படி அனுப்பறது'ங்கறா."

"குடிக்கிற டீச்சர்னு ஆரு சொன்னா?"

"டாக்டர் ஆத்து மாமிக்கு அவா ஆத்துல வேலை செய்யறவ சொன்னாளாம். இந்தப் பக்கத்து சபைக்காரிதான் அவளும். ஊர்ல எல்லாரும் சொல்றாளாமே."

ஷைலஜாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. கிளப் பாரில் ஊற்றிய பிராந்தி, கார் நிறுத்தத்துக்குப் போய், சபைக்குப் போய், மஸ்கட்டுக்குப் போய், சமையற்கட்டு வழியாகத் திரும்பவும் கிளப்புக்கே வந்து சேர்ந்துவிட்டது. குடித்தவர்கள் இப்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

"டாக்டரும் அன்னைக்கு அதைக் குடிச்சாருல்லியா சார்?"

"குடிச்சார்."

"நீங்க?"

ஆனந்தகிருஷ்ணன் சங்கடமாக நெளிந்தார். "ஒரு சின்னது. அவளோட சந்தோஷத்துக்காக. தப்பா நெனைச்சுக்கப்படாது. நாங்க மெம்பர்ஸ் குடிக்கறது வேற, கோச்சோட பேர் அதுல வர்றது வேற. இமேஜ்னு ஒண்ணு இருக்கோல்லியோ?"

லிபி சுவரில் மாட்டியிருந்த பழைய துரைமாரின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப நான் என்ன செய்யணும் சார்?" என்றாள்.

அவர் முகம் தெளிந்தது. வழி கண்டுபிடித்து வைத்திருந்தார் போலும். "ரொம்ப சிம்பிள். கமிட்டில பேசிட்டேன், எல்லாருக்கும் சம்மதம். பார்ட்டி எதுக்கு நடந்தது? ஹோல் இன் ஒன்னுக்கு. ஹோல் இன் ஒன்னே இல்லேன்னு வெச்சுக்கோ, பார்ட்டியும் இல்லை. அன்னிக்கு ஆடினது சும்மா ஃப்ரெண்ட்லிதானே. பந்து குழிக்குப் பக்கத்துல வந்து நின்னது, விளையாட்டுக்குக் கத்தினோம்னு சொல்லிட்டாப் போறும். போர்டுல உன் பேரை எழுத வேண்டாம். நீயும் யார் கேட்டாலும் 'அப்படி ஒண்ணும் இல்லை'ன்னுடு. விஷயம் அடங்கிடும். திங்கட்கெழமையே வேலைல சேரலாம்."

ஒரே அடியில் போட்டவர்களின் பெயர்களைத் தங்க எழுத்தில் எழுதிய பலகை ஒன்று வராந்தாவில் இருக்கிறது. துரைமாரிலிருந்து தொடங்கி இரண்டு வரிசை. ஒரு பெண் பெயரும் அதில் இல்லை.

"பந்தக் குழியிலயிருந்து எடுத்தது நீங்கல்லா சார்" என்றாள் லிபி.

"அது நமக்குள்ள."

"நீங்க ஓடிப் போயி எடுத்திய. கையில தூக்கிக் காட்டினிய. எனக்கு முன்ன நீங்கதான் கண்டிய."

"நான் இல்லேங்கலையேம்மா. வெளிய சொல்ல வேண்டாங்கறேன். உனக்கு வேலை முக்கியமா, ஒரு பந்து முக்கியமா?"

ஷைலஜா எழுந்துவிட்டாள். வயதுக்கு மூத்தவர், அப்பா சலாம் வைத்த மனிதர் என்ற நினைப்பெல்லாம் போய்விட்டது. "நல்லாருக்கு சார். குடிச்சது நீங்க, கெட்டபேரு அவளுக்கு. இப்ப அடிச்சதும் அவ இல்லன்னு சொல்லணும். சாராயம் மட்டும் குழியில விழுந்துச்சோ? பதினேழு வருசம் இவ ஒரு அடியக்கூடக் கூட்டியோ குறைச்சோ எழுதினதில்ல. நாடு முழுக்க இவகூட ஆடினவங்ககிட்டக் கேட்டுப் பாருங்க."

"நீங்க எமோஷனல் ஆகறேள்."

"ஆமா, ஆகுதேன்."

லிபி அக்காளின் கையைப் பிடித்தாள். "சார், யோசிச்சுச் சொல்லட்டா?"

"தாராளமா யோசி. அஞ்சு மணிக்கு கமிட்டி. அது முடிஞ்சதும் ஃபோன் பண்றேன். சரின்னு ஒரு வார்த்தை போறும். இல்லேன்னா..." அவர் முடிக்கவில்லை. நல்ல மனுஷர்தான், அந்த நல்ல மனுஷத்தன்மைதான் ஷைலஜாவுக்கு எரிச்சலை ஏற்றியது. கெட்டவராக இருந்தால் நன்றாகத் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து இறங்கும்வரை ஷைலஜா பேசிக்கொண்டே வந்தாள். மஸ்கட்டுக்கு வந்துவிடு, துபாயில் கேட்டுப் பார்க்கிறேன், அங்கெல்லாம் பெரிய பெரிய மைதானங்கள் இருக்கின்றன, மரியாதை இருக்கிறது என்றாள். பிறகு, அங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்று அவளே சொல்லிக்கொண்டாள். லிபி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அக்கா, எனக்கு இந்த வேல வேணும்" என்றாள். "கையி இனி அதிகநாள் தாங்காது. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

மாலையில் எலிசாள் நெத்தோலி மீன் வாங்கியிருந்தாள். லிபி சமையலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் மேஜைமேல் தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் கிடந்தது. ஷைலஜா நிற்பதும் நடப்பதுமாக, காலையில் நடந்ததையெல்லாம் அம்மாவிடம் கொட்டினாள். குரலை அடக்கத்தான் நினைத்தாள். முடியவில்லை.

"பந்து விழவே இல்லன்னு சொல்லணுமாம்மா! அப்படிச் சொன்னா வேலயாம். பந்தக் கையால எடுத்தவரே சொல்லுகாரு."

"அய்யோ கர்த்தாவே. நீ என்ன சொன்னா மக்ளே?"

"யோசிக்கேன்னு சொன்னேன்" என்றாள் லிபி, மீனிலிருந்து கண்ணெடுக்காமல்.

"ஒரு வார்த்ததானே மோளே" என்றாள் எலிசாள் மெதுவாக. "சொல்லிட்டுப் போ. ஆருக்கு நஷ்டம்? வீட்டுப் பக்கத்துல வேல. கெட்டபேரும் போவும். உங்கப்பாவும் முன்பெஞ்சில போயிருப்பாவ."

அடுத்த அறையில் ரேடியோ நின்றது. ராஜமணி வாசலில் வந்து நின்றார். எண்ணெய் போடாத தலை, கட்டம் போட்ட கைலி. அவர் எலிசாளையும் பார்க்கவில்லை, ஷைலஜாவையும் பார்க்கவில்லை.

"விழல்லன்னு சொல்லச் சொன்னானா?" என்றார்.

இத்தனை நாளில் அவர் லிபியைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது. லிபி நிமிர்ந்தாள். "ஆமா அப்பா."

"விழுந்ததா இல்லியா?"

"விழுந்துது."

"அவன் கண்டானா?"

"கண்டாவ. அவியதான் எடுத்துத் தந்தாவ."

"அக்ரகாரத்துப் பட்டர்மாருக்க வீட்டுப் பிள்ள, படிச்சவன், பொய் சொல்லமாட்டான்னு இருபத்தஞ்சு வருசம் அவனுக்கு சலாம் வச்சேனே" என்றார். பிறகு சட்டென்று, "அவனக் குறை பறஞ்சா, எனக்க சபைக்காரனுவளயும் பறயணும்" என்று முடித்துக்கொண்டார்.

மேஜைமேல் போன் அடித்தது.

திரையில் ஆனந்தகிருஷ்ணன் சாரின் பெயர் வந்தது. எலிசாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லிபியின் இரண்டு கையிலும் மீன் செதில். அவள் எழுந்திருக்கவில்லை. ஷைலஜா மேஜைக்குப் பாய்ந்தாள். எடுத்துக் காதில் வைத்து, காலையில் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு நாக்கு துடித்தது. தங்கைக்கு இந்த வேலை வேண்டும் என்பதும் அதே நேரத்தில் நினைவுக்கு வந்தது. நீட்டிய கை போனுக்கு மேலே நின்றுவிட்டது.

"எடுக்கட்டா லிபி? சொல்லு, எடுக்கட்டா?"

லிபி பதில் சொல்லுமுன் ராஜமணி சமையலறைக்குள் வந்து, முட்டு மடக்கி, மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். போன் பக்கம் திரும்பவே இல்லை.

"எந்தக் கம்பு எடுத்தா?"

"எட்டாம் நம்பர்."

"எட்டா? ஓடைக்காத்து எதிருக்க வருமே அங்க."

"வந்துது. தாத்தித்தான் அடிச்சேன்."

"எங்க விழுந்துது?"

"வலத்தோட்டு. ஓரத்துல."

"அங்கயிருந்து எடத்தோட்டு எறங்கும்" என்றார் ராஜமணி. ஈரத்தரையில் விரலால் ஒரு வளைவு போட்டார். "இப்பிடியா வந்துது?"

"இன்னும் கொஞ்சம் வளஞ்சு" என்றாள் லிபி. செதில் ஒட்டிய விரலால் அப்பாவின் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தாள்.

போன் நின்றது. ஷைலஜா மூச்சை விடுவதற்குள் திரும்பவும் அடிக்கத் தொடங்கியது.